பாதுகாப்பு என்னும் வாணிகம்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வேற்று நாட்டுக்கோ வேற்று மாநிலத்துக்கோ செல்லும் மக்களுக்கு வேண்டுவன மூன்று: செய்யத் தொழில், தங்க இடம், துன்பம் நேர்ந்தால் முறையிட ஒரு வாயில். முதலிரண்டையும் உழைப்பினால் தேடிக்கொள்ளலாம். மூன்றாவது அத்துணை எளிதில் கிட்டுவதன்று. ஊர்மொழி நாவில் படியவில்லை, சட்டம் தெரியவில்லை, போலீஸ் நிலையத்தின் படியேறக் கால் கூசுகிறது. இவ்வச்சம் குடிகொண்ட தெருவில்தான், "கவலை வேண்டா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூறி ஒருவன் முன்வருகிறான். அவன் கேட்கும் கூலி முதலில் சிறியதாகவே இருக்கும். அக்கூலி எவ்வாறு வளர்கிறது, ஈற்றில் யாரை விழுங்குகிறது என்பதை உள்ளிருந்தே எடுத்துக்காட்டும் திரைப்படம் ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான "குட்ஃபெல்லாஸ்" என்பதே அது. குற்றக் கூட்டங்களைப் பற்றிய படங்களுள் தலையாயவற்றில் ஒன்றெனத் திரைக்கலை அறிந்தோர் போற்றும் அப்படத்தைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

"குட்ஃபெல்லாஸ்" என்பது ஒரு குழூஉக்குறி. கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனை மற்றொருவனுக்கு அறிமுகம் செய்யும்பொழுது, "இவன் நல்லவன், நம்மவன்" என்ற கருத்தில் வழங்கும் சொல் அது. கொலையும் கொள்ளையும் புரிவோர் தம்மை "நல்லவர்" என்று அழைத்துக்கொள்ளும் இந்த முரண்பாடே படத்தின் உயிர்நாடி எனலாம்.

படத்தை இயக்கியவர் மார்ட்டின் ஸ்கார்செஸி. 1942இல் பிறந்த இவர், நியூயார்க் நகரில் இத்தாலியர் செறிந்து வாழ்ந்த "லிட்டில் இத்தாலி" என்னும் பகுதியில் வளர்ந்தவர். படத்துக்கு மூலம் நிக்கோலஸ் பிலெஜ்ஜி என்ற பத்திரிகையாளர் எழுதி 1985இல் வெளிவந்த "வைஸ்கை" என்னும் நூல். அது கற்பனைக் கதையன்று. 1943இல் பிறந்து, இளமையிலேயே குற்றக் கூட்டமொன்றில் சேர்ந்து, ஏறத்தாழ 25 ஆண்டுகள் அதிலேயே உழன்று, இறுதியில் அரசாங்கத் தரப்புச் சாட்சியாக மாறி, 2012இல் மறைந்த ஹென்றி ஹில் என்பவனின் வரலாறு. ஸ்கார்செஸியும் பிலெஜ்ஜியும் இணைந்து திரைக்கதை எழுதினர். ஹென்றியாக ரே லியோட்டாவும், அவன் மனைவி காரனாக லொரைன் பிராக்கோவும், தோழன் ஜிம்மியாக ராபர்ட் டி நீரோவும், தலைவன் பாலியாகப் பால் சோர்வினோவும், முன்கோபியான டாமியாக ஜோ பெஸ்ஸியும் நடித்துள்ளனர்.

கதைக்குள் புகுமுன் அதன் பின்னணியைத் தெரிந்துகொள்வது நலம். 1880 முதல் 1920 வரையிலான நாற்பது ஆண்டுகளில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினர். அவர்களுட் பெரும்பாலோர் தென் இத்தாலியிலிருந்தும் சிசிலித் தீவிலிருந்தும் வந்த ஏழை உழவர்கள். சுரங்கம் வெட்டியும், கட்டடம் எழுப்பியும், சிறுகடை நடத்தியும் நேர்மையாக வாழ்ந்தவர்களே அவர்களில் மிகப் பலர். ஆயினும், புதிய நாட்டின் மொழியும் சட்டமும் அயலாக இருந்த நிலையை மிகச் சிலர் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டனர். "மாஃபியா" எனப்படும் அக்குழுக்கள் 1930களுக்குள் நியூயார்க்கில் ஐந்து "குடும்பங்களாக" நிலைபெற்றன. ஹென்றி பணிபுரிந்தது லுக்கேஸி என்னும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிரிவில்.

குடும்பம் என்ற அப்பெயரில் பந்த பாசம் தொனித்தாலும், நடைபெற்றது வாணிகமே. விற்கப்பட்ட சரக்கு பாதுகாப்பு. படத்தில் இதனை ஹென்றியின் வாய்மொழியாகவே கேட்கிறோம். போலீஸாரிடம் செல்ல இயலாதவர்களுக்குத் தலைவன் பாலி அளிப்பது போலீஸாரின் வேலையைத்தான் என்று அவன் விளக்குகிறான். திருட்டுச் சரக்கை வைத்திருப்பவனிடம் இன்னொருவன் திருடினால் அவன் எந்த நிலையத்தில் முறையிடுவான்? சூதாட்டத்தில் வரவேண்டிய பணத்தை எந்த நீதிமன்றத்தில் கேட்பான்? அத்தகையோர் எல்லாரும் தம் வருவாயில் ஒரு பங்கைப் பாலிக்குச் செலுத்துகின்றனர். பாலி தானே திருடுவதில்லை, தொலைபேசியில்கூடப் பேசுவதில்லை. எனினும் அப்பகுதியில் எவன் எதைத் திருடினாலும் ஒரு பகுதி அவனை வந்தடைகிறது. அரசனுக்கு இறை செலுத்துவது போன்ற ஏற்பாடு இது. முடியும் இல்லை, கொடியும் இல்லை; இறை மட்டும் உண்டு.

இவ்வாணிகத்தின் இயல்பைப் படத்திலுள்ள ஓர் உணவுவிடுதியின் கதை தெள்ளத்தெளிய உணர்த்துகிறது. டாமி அவ்விடுதியில் நாள்தோறும் உண்டு குடித்து, பல்லாயிரம் டாலர் பாக்கி வைக்கிறான். பணம் கேட்ட உரிமையாளரின் தலையில் புட்டியை உடைக்கிறான். அஞ்சிய உரிமையாளர் பாலியிடம் சென்று முறையிடுகிறார். தம் விடுதியில் பாலியே கூட்டாளியாகிவிட்டால் தொல்லை நீங்கும் என்று வேண்டிக்கொள்கிறார். பாலியும் தயங்குவதுபோல் தயங்கி இசைகிறான்.

அதன்பின் நிகழ்வது யாது? வாரந்தோறும் பாலிக்குரிய பணம் வந்தே தீரவேண்டும். வியாபாரம் மந்தமா, தீப்பிடித்ததா, இடி விழுந்ததா என்பவை பற்றிக் கேள்வியே இல்லை. விடுதியின் பெயரால் மதுவும் பண்டங்களும் கடனுக்கு வாங்கப்படுகின்றன. முன்வாயிலில் இறங்கிய சரக்கு பின்வாயில் வழியே பாதிவிலைக்குப் போகிறது. 200 டாலர் பெறுமதியுள்ள பெட்டியை 100 டாலருக்கு விற்றாலும் அவர்களுக்கு அது முழு இலாபமே. கடனைத் தீர்க்கும் எண்ணம் இருந்தாலன்றோ நட்டம்! இனி எவரும் கடன் தரமாட்டார் என்ற நிலை வந்ததும், காப்பீட்டுத் தொகைக்காக விடுதிக்கே தீ வைக்கின்றனர். ஒருவனிடமிருந்து காத்துக்கொள்ள அவனுடைய தலைவனையே நாடிய அம்மனிதர், ஈற்றில் விடுதியையே இழந்துவிட்டார். புட்டியால் அடித்தவனும் பாதுகாப்பு விற்றவனும் ஒரே வீட்டார் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி, இளைஞர்கள் இத்தகைய கூட்டத்துள் எவ்வாறு ஈர்க்கப்படுகின்றனர் என்பதைக் காண்போம். பெற்றோர் கூர்ந்து நோக்கத் தக்க பகுதி இது. 1955ஆம் ஆண்டு, புரூக்ளின் பகுதியில் ஓர் எளிய குடும்பம். தந்தை அயர்லாந்து மரபினர், தாய் சிசிலி மரபினர். குழந்தைகள் பலர், வருவாய் குறைவு. வீட்டுக்கு எதிரே பாலி கூட்டத்தாரின் டாக்ஸி நிலையம். சிறுவன் ஹென்றி சன்னல் வழியே அவர்களை நோக்குகிறான். அவர்கள் கார்களைக் கண்ட இடத்தில் நிறுத்துகின்றனர், யாரும் தடுப்பதில்லை. இரவெல்லாம் சீட்டாடுகின்றனர், யாரும் கேட்பதில்லை. அந்நிலையத்தில் சிற்றேவல் செய்யும் வேலை அவனுக்குக் கிடைக்கிறது. கையில் காசும் புரள்கிறது.

பள்ளிக்கு வருவதில்லை என்று வீட்டுக்குக் கடிதம் வர, தந்தை இடைவாரால் அடிக்கிறார். செய்தியறிந்த கூட்டத்தார் தபால்காரரைப் பிடித்து, அடுப்பருகே தலையை நீட்டி அச்சுறுத்துகின்றனர். அன்று முதல் பள்ளியிலிருந்து கடிதமே வருவதில்லை. வேறு எவரிடமிருந்தும்கூட வருவதில்லை! சில வாரங்கள் சென்றபின் தாய் தபால் நிலையத்துக்கே சென்று முறையிட நேர்கிறது. நகைச்சுவையாகச் சொல்லப்படும் இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்த பொருள் உண்டு. தகப்பனின் அதிகாரத்தையும் பள்ளியின் அதிகாரத்தையும் ஒரே நாளில் வென்று காட்டிய வலிமையைச் சிறுவன் கண்டுவிட்டான். மூட்டை தூக்கச் சொல்லாமலே அயலகத்துப் பிள்ளைகள் அவன் தாயின் கடைச்சாமான்களை வீடு வரை சுமந்து வருகின்றனர். மரியாதையினால் அவ்வாறு செய்தனர் என்று அவன் பெருமிதம் கொள்கிறான். அச்சத்தை மரியாதை என்று பிழைபட உணர்ந்த அந்நொடியில் அவன் வாழ்வு திசை மாறிவிட்டது. முதன்முதல் அவனைக் கெடுத்தது மதுவுமன்று, இரத்தமுமன்று. தன்னையும் ஒருவர் பொருட்படுத்துகிறார் என்ற இனிய உணர்ச்சியே.

பின்னர்த் திருட்டுச் சிகரெட் விற்றுப் பிடிபட்டு நீதிமன்றம் செல்கிறான். யாரையும் காட்டிக்கொடாமல் வாய் மூடி நின்ற அவனை, கூட்டத்தார் தேர்வில் தேறிய மாணவனைப்போல் ஆரத்தழுவிப் பாராட்டுகின்றனர். தோழரைக் காட்டிக்கொடாதே, வாயைத் திறவாதே என்பவையே அவன் பெற்ற இரு பாடங்கள். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன்.

இவ்வளவும் தீமையென்றால் மனிதர் ஏன் இதனை நாடுகின்றனர் என்ற வினா எழும். அதனை மறைக்காமல் விடையிறுப்பது இப்படத்தின் சிறப்பு. ஹென்றி தான் மணக்கவிருக்கும் காரனைக் கோப்பகபானா என்னும் புகழ்பெற்ற இரவு விடுதிக்கு அழைத்துச் செல்கிறான். வாயிலில் வரிசை நீள்கிறது. அவனோ பக்கவாயில் வழியே இறங்கி, நடைபாதை கடந்து, சமையற்கட்டைச் சுற்றி, எதிர்ப்பட்டோர்க்கெல்லாம் பணம் ஈந்து, நேரே அரங்கின் முன்வரிசைக்குச் செல்கிறான். அங்கே அவர்களுக்காகவே புதிதாக ஒரு மேசை கொணர்ந்து போடப்படுகிறது. ஏறத்தாழ மூன்று நிமிடம் நீளும் இக்காட்சி, ஓரிடத்திலும் வெட்டப்படாமல் ஒரே ஓட்டமாகப் படமாக்கப்பட்டுள்ளது. காமிராவின் பின்னே நாமும் நடக்கிறோம். கதவுகள் நமக்கும் திறக்கின்றன. மயக்கம் நம்மையும் பற்றுகிறது. அந்த மயக்கத்தை நாமே நுகர்ந்த பிறகுதான் அதன் விலையைப் படம் கேட்கிறது.

விலை கொடியது. சீட்டாட்டத்தின்போது மதுக்கிண்ணம் கொணர்ந்து தரும் ஏவற் சிறுவன் ஒருவனை டாமி வெறும் விளையாட்டாகக் காலில் சுடுகிறான். பிறிதொரு நாள் அவன் ஒரு சொல் எதிர்த்துப் பேசியதற்காகக் கொன்றே விடுகிறான். ஹென்றி சிறுவனாக இருந்தபோது செய்த அதே வேலையைத்தான் அப்பையன் செய்துகொண்டிருந்தான் என்பதைக் காண்போர் உணராமல் இருக்க முடியாது. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு தகுதியன்று, தற்செயலே.

கூட்டத்துக்குள்ளும் படிநிலைகள் உண்டு. முழு உரிமை பெற்ற உறுப்பினன் ஆவதற்கு இத்தாலிய மரபு வேண்டும். அயர்லாந்துக் கலப்புடைய ஹென்றியும் ஜிம்மியும் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்நிலையை எய்த முடியாது. முழு உறுப்பினனை மேலிடத்து அனுமதியின்றி எவரும் தீண்டலாகாது என்பது விதி. டாமி அத்தகைய ஒருவனை ஆத்திரத்தில் கொன்றுவிடுகிறான். ஆண்டுகள் சென்றபின், தனக்கும் உறுப்பினர் பட்டம் சூட்டப்போகிறார்கள் என்று நம்பிப் புத்தாடை உடுத்துச் செல்கிறான். வெற்றறைக்குள் அழைத்துச் சென்று பின்னந்தலையில் சுடுகின்றனர். நம்மவன் என்ற சொல்லின் காவல் அவ்வளவே!

1978ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில், லுஃப்தான்ஸா விமானக் கம்பெனியின் சரக்குக் கிடங்கில் ஒரு பெருங்கொள்ளை நிகழ்ந்தது. சுமார் 50 இலட்சம் டாலர் ரொக்கமும், 8,75,000 டாலர் மதிப்புள்ள நகைகளும் பறிபோயின. அமெரிக்காவில் அதுகாறும் நடந்த ரொக்கக் கொள்ளைகளில் அதுவே மிகப் பெரிது. கொள்ளைக்கு உதவிய விமான நிலைய ஊழியர் ஒருவரைத் தவிர வேறு எவரும் அவ்வழக்கில் தண்டிக்கப்படவில்லை. ஆனால் கொள்ளையில் தொடர்புடைய பலர் அடுத்த சில மாதங்களுக்குள் ஒருவர்பின் ஒருவராகக் கொலையுண்டனர். படத்தில் இதனைச் செய்விப்பவன் ஜிம்மி. பங்கு கொடுப்பதைவிடக் கொன்றுவிடுவது சிக்கனம். உயிரோடிருப்பவன் வாய் திறக்கவும் கூடும். தோழமை என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவினமாகச் சுருங்கிவிட்டது.

ஹென்றியின் முடிவும் தொலைவில் இல்லை. தலைவன் தடுத்தும் கேளாமல் போதைப் பொருள் விற்கிறான். 1980ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவன் படும் பாடு, படத்தின் ஈற்றுப் பகுதியில் மணிவாரியாகக் காட்டப்படுகிறது. ஒருபுறம் துப்பாக்கி விற்கவேண்டும். ஒருபுறம் போதைச் சரக்கு அனுப்பவேண்டும். இடையே அடுப்பில் கொதிக்கும் குழம்பு அடிப்பிடிக்காமல் கிண்டவேண்டும். வானத்தில் ஹெலிகாப்டர் ஒன்று பின்தொடர்வதாகத் தோன்றுகிறது. காட்சிகள் துண்டுதுண்டாக விரைகின்றன. கோப்பகபானாவில் ஆற்றொழுக்காக நடந்த அதே மனிதனின் நெஞ்சு இங்கே சிதறுகிறது. அன்றிரவே பிடிபடுகிறான். இதுகாறும் தந்தையாக எண்ணிய பாலி, 3,200 டாலரைக் கையில் திணித்து முகம் திருப்பிக்கொள்கிறான். ஒரு வாழ்நாள் தொண்டுக்குக் கிடைத்த ஊதியம் அது. ஜிம்மியோ, இனிய புன்னகையுடன், வெளியூர் சென்று ஒரு வேலை முடித்துவரச் சொல்கிறான். சென்றால் திரும்புவதற்கில்லை என்பது ஹென்றிக்குப் புரிகிறது.

இப்பொழுது அவனைக் காப்பார் யார்? எந்தச் சட்டத்தை வாழ்நாளெல்லாம் ஏய்த்தானோ அச்சட்டமே. 1970ஆம் ஆண்டில் அமெரிக்கா, அமைப்புமுறைக் குற்றங்களை ஒடுக்க ஒரு சட்டம் இயற்றியது. தலைவர்கள் நேரில் குற்றம் புரியாவிடினும், குற்றத் தொழிலை ஓர் அமைப்பாக நடத்தியதற்காகத் தண்டிக்க அது வழிசெய்தது. சாட்சிகளுக்குப் புதிய பெயரும் புதிய ஊரும் அளித்துக் காக்கும் திட்டமும் அதனின்று தோன்றியது. ஹென்றி அத்திட்டத்தில் அடைக்கலம் புகுந்தான். காட்டிக்கொடாதே, வாய் திறவாதே என்ற இரு பாடங்களையும் கைவிட்டு, நீதிமன்றத்தில் ஜிம்மியையும் பாலியையும் சுட்டிக்காட்டினான். படத்தின் பாலிக்கு மூலமான தலைவன் 1988இல் சிறையிலேயே மாண்டான். ஜிம்மிக்கு மூலமானவன் கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்து வருகையில் 1996இல் இறந்தான்.

இறுதிக் காட்சியில் ஹென்றி பெயர் தெரியாத ஊரில், ஒரே அச்சில் வார்த்த வீடுகளுள் ஒன்றின் வாயிலில் நிற்கிறான். செய்த பாவங்களுக்காக அவன் வருந்தவில்லை. நல்ல இத்தாலிய உணவு கிடைக்கவில்லை, எல்லாரையும் போல் வாழ நேர்ந்ததே என்றுதான் வருந்துகிறான். அவனுக்கு அது தண்டனை. நேர்மையாக உழைக்கும் கோடானுகோடி மக்களுக்கோ, அத்தகைய அமைதியான வீட்டு வாயில் ஒரு பேறு. எது பேறு, எது தண்டனை என்பதையே தலைகீழாக்கிவிடுவது அவ்வாழ்வின் கடைசிக் கேடு.

வெனிஸ் திரைப்பட விழாவில் இயக்குநர் ஸ்கார்செஸிக்கு வெள்ளிச் சிங்கம் விருதையும், 1991இல் ஜோ பெஸ்ஸிக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதையும் இப்படம் பெற்றுத் தந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கத் தக்கதாகச் சேர்க்கப்பட்டது. 1972இல் வெளிவந்த "தி காட்ஃபாதர்" தலைவர்களின் மாளிகையைக் காட்டியது. அதன் சாயல் படிந்த நம் "நாயகன்" 1987இல் பம்பாய்த் தமிழரிடையே தோன்றிய ஒரு காவலனைக் காட்டியது. "குட்ஃபெல்லாஸ்" காட்டுவது மாளிகையையன்று; அதற்குப் பணம் கட்டியவர்களின் தெருவையும், ஏவல் செய்தவர்களின் வீட்டையும். வன்சொல்லும் குருதியும் மிகுந்த படமாதலின் சிறுவர்க்கு ஏற்றதன்று. சிறுவரைப் பெற்றோர் காண ஏற்றது.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. பாதுகாப்பு வாணிகம் தழைப்பதற்குக் காரணம் தலைவனின் வீரமன்று. மக்களுக்கும் சட்டத்துக்கும் இடையேயுள்ள தொலைவு. அத்தொலைவைக் குறைக்க நம் நாட்டிலும் வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. மகாராஷ்டிர மாநிலம் 1999இலேயே அமைப்புமுறைக் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. சாட்சிகளைக் காக்கும் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஒப்புதல் அளித்து, நாடெங்கும் நடைமுறைப்படுத்தப் பணித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்திருப்பினும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் தரலாம். பதிவு செய்த அறிக்கையின் படியை இலவசமாகப் பெறுவது தகவல் தந்தவரின் உரிமை.

சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. அவ்வூர் மொழியை நன்கு அறிந்த ஒருவர், புதிதாக வந்த ஒரு குடும்பத்துடன் போலீஸ் நிலையம் வரை உடன் நடந்து செல்வாராயின், அத்தெருவில் பாலிக்கு வேலை இராது. அந்த நடைக்குக் கூலி கேளாதவரே உண்மையில் நம்மவர்.